கார்டுக்கு ஓர் எண்: தமிழ்ச் செய்தி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு, வணக்கம்.

தமிழ்நாட்டின் செய்தித் தொலைக்காட்சிகளிலும் நாளிதழ்களிலும் ஆசிரியர் பொறுப்பில் இருப்பவர்களுக்கும், அவற்றின் டிஜிட்டல் டெஸ்கை நடத்துபவர்களுக்கும் இதை எழுதுகிறோம். நாங்கள் செய்தி சரிபார்ப்பிலும் பக்க வடிவமைப்பிலும் வேலை செய்கிறவர்கள். கேட்பது ஒன்றுதான். சமூக ஊடகத்தில் பகிர்வதற்காக நீங்கள் படமாக வெளியிடும் ஒவ்வொரு நியூஸ் கார்டிலும் ஓர் எண்ணைப் போடுங்கள். அந்த எண்ணைத் தட்டினால் அசல் கார்டு வந்து நிற்கும்படி உங்கள் இணையதளத்தில் ஒரு பக்கம் வையுங்கள். இது ஏன் அவசரம், எப்படிச் செய்வது, எங்கே சறுக்கும் என்பதை விரிவாகவே எழுதுகிறோம். தேர்தல் நெருங்கிய பிறகு இதைப் பேசிப் பயனில்லை.

பெட்டிக்கடை வாசலில் தொங்கும் மாலைப் பேப்பர் போஸ்டரை நம் ஊரில் பார்க்காதவர் கிடையாது. ‘அமைச்சர் திடீர் முடிவு’ என்று கொட்டை எழுத்தில் இருக்கும். எந்த அமைச்சர், என்ன முடிவு என்பதெல்லாம் உள்ளே. தெரிய வேண்டுமானால் காசு கொடுத்துப் பேப்பரை வாங்க வேண்டும். வாங்கியவர் டீக்கடை பெஞ்சில் விரித்தால் நாலு பேர் எட்டிப் பார்ப்பார்கள். ஒருவர் உரக்க வாசிப்பார், இன்னொருவர் மறுத்துப் பேசுவார். போஸ்டர் எவ்வளவு மிகைப்படுத்தினாலும் அதற்குப் பின்னால் ஒரு பேப்பர் இருந்தது. பேப்பரின் ஒரு மூலையில் அச்சிட்டவர், வெளியிடுபவர் பெயரும் இடமும் சின்ன எழுத்தில் இருந்தன. 1867-ஆம் ஆண்டு அச்சகச் சட்டம் கேட்டு வாங்கிய வரி அது.

நியூஸ் கார்டு அந்தப் போஸ்டரின் வாரிசு. பின்னால் பேப்பர் மட்டும் இல்லை. மேலே லோகோ, நடுவில் தலைவரின் படம், கீழே இரண்டு மூன்று வரி. அதோடு செய்தி முடிந்துவிடுகிறது. கைபேசியில் அரசியல் பார்க்கிறவர்களில் பலருக்கு உங்கள் புல்லட்டினும் தெரியாது, விவாத நிகழ்ச்சியும் தெரியாது. கார்டுதான் உங்கள் சேனல்.

இதில் போலி எப்படி நுழைகிறது என்பதற்கு முன், போலி செய்கிறவர் யாருடைய லோகோவைத் தேர்ந்தெடுக்கிறார் என்று பாருங்கள். 1993 ஏப்ரல் 14 அன்று சன் டிவி வந்ததிலிருந்து, 1999-இல் ஜெயா, 2006-இல் மக்கள், 2007-இல் கலைஞர், 2010-இல் கேப்டன் என்று கட்சிகளையும் தலைவர் குடும்பங்களையும் ஒட்டியே நம் தொலைக்காட்சி வளர்ந்தது. பார்வையாளரும் அதற்கேற்பப் பழகிக்கொண்டார். எந்தச் சேனல் எதைக் காட்டும், எதை மறைக்கும் என்று தெரிந்து, இரண்டு சேனலையும் மாற்றி மாற்றிப் பார்த்து, நடுவில் எங்கோ உண்மை இருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டார். அந்தக் கணக்கு ஒரு பாதுகாப்பு. கட்சிச் சேனலின் லோகோவில் எதிர்க்கட்சித் தலைவரைப் பற்றிப் போலி கார்டு போட்டால் பெரிய பலன் இருக்காது. பார்த்தவர் பாதியைக் கழித்துவிட்டுத்தான் எடுத்துக்கொள்வார். ஆகவே போலி செய்கிறவர், யாருடைய வீட்டுச் சேனலாகவும் பார்க்கப்படாத லோகோவைத் தேடிப் போகிறார். நீங்கள் பல ஆண்டுகள் நடுநிலை என்று பெயரெடுத்துச் சேர்த்த நம்பிக்கைதான் அவருக்கு மூலதனம். உங்கள் பெயரில் இதைச் செய்கிறார்கள் என்பதால்தான் தேர்தல் ஆணையத்திடம் போவதற்கு முன் உங்களிடம் வருகிறோம்.

ஒரு போலி கார்டைக் கிட்டத்தில் வைத்துப் பார்க்கலாம். உங்கள் அசல் கார்டின் ஸ்கிரீன்ஷாட்தான் அடித்தளம். எழுத்து இருக்கும் பகுதியின் மேல் அதே நிறத்தில் ஒரு கட்டம் போட்டு மூடுகிறார்கள். அதன் மேல் புது வரிகள். லோகோ, ஓரக்கோடு, தலைவரின் படம் எல்லாம் உங்களுடையவையே. கண்டுபிடிக்க உதவுவது பெரும்பாலும் எழுத்துருதான். உங்கள் டெஸ்க் பயன்படுத்துவது தடித்த தலைப்பு எழுத்துரு. கைபேசி ஆப்பில் செய்கிறவருக்குக் கிடைப்பது முக்த மலர், நோட்டோ சான்ஸ், கட்டமரான் போன்ற இலவச யூனிகோடு எழுத்துருக்கள். ‘ழ’வின் வால், ‘ண’வின் சுழி, புள்ளி உட்காரும் உயரம், வரிகளுக்கு நடுவே விடும் இடைவெளி ஆகியவற்றை அசலோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். மூடிய கட்டத்தின் விளிம்பைப் பெரிதாக்கிப் பார்த்தால், அசலில் மெல்லிய நிறமாற்றம் இருக்கும் இடத்தில் ஒரே தட்டையான நிறம் இருக்கும்.

ஆனால் இந்தச் சோதனைகளை எங்களால் பத்து நிமிடத்தில் செய்ய முடியும், வாட்ஸ்அப்பில் கார்டைப் பார்க்கிற அம்மாவால் முடியாது. எங்களாலும் எப்போதும் முடிவதில்லை. காரணம் உங்களிடம் இருக்கிறது. ஒரே சேனலுக்கு பிரேக்கிங் கார்டு, மேற்கோள் கார்டு, மாவட்டச் செய்திக் கார்டு, கருத்துக்கணிப்புக் கார்டு, பண்டிகைக்குப் பண்டிகை புதுக் கார்டு என்று ஏகப்பட்ட டெம்ப்ளேட்டுகள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வடிவமும் மாறுகிறது. போலி செய்தவர் உங்கள் பழைய டெம்ப்ளேட்டைப் பயன்படுத்தினால், அது பழைய அசலா புதுப் போலியா என்று எங்களுக்கே குழப்பம் வருகிறது. ஒற்றுப்பிழையை வைத்துப் போலியைப் பிடிக்கலாம் என்று சிலர் சொல்வதுண்டு. அசல் கார்டுகளிலும் ‘பற்றி பேச’, ‘கூட்டணி குறித்து கருத்து’ என்று ஒற்று விட்டுப் போவதால் அந்தச் சோதனை பலிக்காது. இதை வருத்தத்தோடுதான் சொல்கிறோம். பிழையில்லாத தமிழ் ஒரு பூட்டு மாதிரி. அந்தப் பூட்டை நாமே திறந்து போட்டிருக்கிறோம்.

போலி வெளிவந்ததும் நீங்கள் செய்வது என்ன? அதே கார்டின் மேல் சிவப்பில் ‘போலி’ என்று ஒரு முத்திரை போட்டு, ‘இது நாங்கள் வெளியிட்டது இல்லை’ என்று பதிவிடுகிறீர்கள். எண்ணம் சரி. ஆனால் முத்திரை பல நேரம் மூலையிலோ கீழேயோ இருக்கிறது. அதை வெட்டிவிட்டால் தெளிவான ஒரு போலி மறுபடி கிடைத்துவிடுகிறது, இந்த முறை உங்கள் பக்கத்திலிருந்தே. முத்திரை குறுக்குவாட்டில், முக்கியமான சொற்கள் வாசிக்க முடியாதபடி விழ வேண்டும். போலி கார்டைச் சிறிதாக்கி, மறுப்பைப் பெரிதாக்க வேண்டும். தலைப்பில் பொய்யைத் திரும்பச் சொல்லக் கூடாது. ‘வேட்பாளர் விலகினார் என்பது பொய்’ என்று எழுதினால் வேகமாக உருட்டிப் போகிறவர் கண்ணில் ‘வேட்பாளர் விலகினார்’ மட்டும் பதியும். ‘வேட்பாளர் களத்தில் இருக்கிறார்’ என்று தொடங்குங்கள்.

இதைவிடப் பெரிய கேடு ஒன்று இருக்கிறது. தவறான கார்டைச் சத்தமில்லாமல் நீக்குவது. அவசரத்தில் ஒரு கார்டு போகிறது, பெயரோ தொகுதியோ தப்பு, அல்லது கட்சித் தரப்பிலிருந்து போன் வருகிறது, பத்து நிமிடத்தில் பதிவு காணாமல் போகிறது. நீக்கியதற்கு எந்தக் குறிப்பும் இல்லை. இது ஊருக்குத் தெரியும். அதனால்தான் நீங்கள் ஒரு போலியை மறுக்கும்போது, ‘போட்டுட்டு பிரஷர் வந்ததும் டெலிட் பண்ணிட்டாங்க’ என்று கமென்டில் எழுதினால் எடுபடுகிறது. சத்தமில்லாமல் நீக்குவது நடந்திருப்பதால்தான் அந்தப் பொய்க்குப் பலம். ஒரு கார்டைக்கூடச் சுவடு இல்லாமல் நீக்குவதில்லை என்று நீங்கள் முடிவெடுத்து, அதை ஓர் ஆண்டு கடைப்பிடித்துக் காட்டினால், அந்த வாதம் செத்துப்போகும். எண் இதற்கும் உதவும். பதிவை ஃபேஸ்புக்கிலிருந்து எடுத்தாலும், எண்ணின் பக்கம் அப்படியே இருக்கட்டும். ‘இந்தக் கார்டில் தொகுதியின் பெயர் தவறாக இருந்தது, மாலை 5.40-க்குத் திருத்தினோம்’ என்று அதில் எழுதுங்கள்.

இனி அந்த எண்.

நாளிதழ்களின் முகப்பில் மலர் எண்ணும் இதழ் எண்ணும் அச்சிடுவது நமக்குப் பழகிய வழக்கம். தேர்தல் நோட்டீஸுக்கும் அப்படி ஒரு அடையாளம் சட்டப்படி உண்டு. 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 1961-இல் சேர்க்கப்பட்ட 127-அ பிரிவு, தேர்தல் துண்டறிக்கையிலும் சுவரொட்டியிலும் அச்சகத்தின் பெயர், முகவரி, வெளியிடுபவரின் பெயர், முகவரி இருக்க வேண்டும் என்கிறது. அச்சடிக்கக் கொடுப்பவர், தன்னை நேரில் அறிந்த இரண்டு பேரின் சாட்சிக் கையெழுத்தோடு உறுதிமொழியை இரண்டு படிகளில் தர வேண்டும். மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சிவகாசியிலோ சேலத்திலோ ஒரு சிறிய அச்சகம் ஆயிரம் நோட்டீஸ் அடிப்பதற்கு இவ்வளவு இருக்கிறது. ஊர் முழுக்கப் பரவும் கார்டுக்கு ஒரு வரி அடையாளம்கூட இல்லை.

எண் குறைந்த இலக்கத்தில் இருக்க வேண்டும், போனில் ஒருவர் இன்னொருவருக்கு வாயால் சொல்லும்படி. ஆண்டு, மாதம், நாளுக்கு ஆறு இலக்கம், அன்றைய வரிசைக்கு மூன்று இலக்கம், கடைசியில் ஒரு சரிபார்ப்பு இலக்கம். மொத்தம் பத்து, கைபேசி எண் அளவு. சரிபார்ப்பு இலக்கம் என்பது மற்ற ஒன்பதிலிருந்து கணக்கிட்டு எடுப்பது. ஆதாரின் பன்னிரண்டாவது இலக்கமும் அப்படித்தான் வருகிறது. ஒரு இலக்கத்தைத் தவறாகத் தட்டியவருக்கு வேறொரு கார்டைக் காட்டிக் குழப்பாமல், ‘எண்ணைச் சரிபாருங்கள்’ என்று சொல்ல அது வேண்டும். இதை விட்டுவிட்டால், அசல் கார்டை வைத்திருப்பவரே தப்பாகத் தட்டிவிட்டு ‘போலி’ என்று சொல்லிப் பரப்புவார். அசலைப் போலி என்று சொல்வதும் அரசியலுக்குப் பயன்படுகிற பொய்தான்.

எங்கே போடுவது என்பதில்தான் பலர் தவறுவார்கள். மூலையில் போடாதீர்கள். மூலை முதலில் வெட்டுப்படும் இடம். செய்தி வரிகள் இருக்கும் கட்டத்துக்குள், கடைசி வரிக்கு அடியில், தேதியும் நேரமும் எண்ணும் ஒரே வரியில் வரட்டும். எண்ணை வெட்டினால் செய்தியும் சேர்ந்து வெட்டுப்பட வேண்டும். 1080 பிக்சல் அகலக் கார்டில் இலக்கத்தின் உயரம் 28 பிக்சலுக்குக் குறையக் கூடாது. வெள்ளையில் கறுப்பு, அல்லது கறுப்பில் வெள்ளை. சிவப்புப் பட்டையில் நீல எழுத்து, பச்சையில் சிவப்பு எல்லாம் வேண்டாம். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கும்போது வெளிச்ச வேறுபாட்டை ஓரளவு காப்பாற்றும், நிற வேறுபாட்டை முதலில் விட்டுவிடும். சேமித்து, மறுபடி அனுப்பி, அதை ஒருவர் ஸ்கிரீன்ஷாட் எடுத்து மறுபடி அனுப்பி, ஐந்தாறு கை மாறியபின் நிற வேறுபாட்டை மட்டும் நம்பிய எழுத்து கலங்கிவிடும். கறுப்பு-வெள்ளை நிற்கும்.

க்யூ.ஆர். கோடு போதாதா என்று உங்கள் தொழில்நுட்பக் குழு கேட்கும். போடலாம், ஆனால் அதை மட்டும் நம்ப முடியாது. கார்டு வந்திருப்பதே கைபேசியில். தன் கைபேசித் திரையைத் தன் கைபேசியாலேயே ஸ்கேன் செய்ய முடியாது. படத்தைத் தேடல் ஆப்பில் ஏற்றிப் பார்க்கும் வழி உண்டு, அது தெரிந்தவர்கள் குறைவு. இன்னொன்று, கோடைக் கண்ணால் வாசிக்க முடியாது என்பதால் போலிக்காரர் தன் சொந்தப் பக்கத்துக்குப் போகும் கோடை ஒட்டிவிட முடியும். அப்படியும் வைப்பதானால் 25-க்கு 25 கட்டம் உள்ள அளவு போதும், இணைய முகவரியை 26 எழுத்துக்குள் சுருக்கிக்கொள்ளுங்கள். சுற்றிலும் நான்கு கட்ட வெற்றிடம் விட்டு, ஒரு கட்டத்துக்கு ஆறு பிக்சல் கொடுத்தால் 198 பிக்சல் வரும். அதைவிடச் சிறியதாக்கினால் இரண்டாவது ஃபார்வர்டிலேயே வாசிக்காது.

எண்ணுக்கான இணையப் பக்கத்தில் கார்டின் படமே இருக்க வேண்டும். செய்திக்கு இணைப்பு மட்டும் கொடுத்தால் போதாது. போலிக்காரர் உங்களுடைய உண்மையான ஓர் எண்ணை எடுத்துத் தன் கார்டில் போடுவார், அதை எதிர்பார்த்தே இருங்கள். எண்ணைத் தட்டிய வாசகர், கையில் இருக்கும் கார்டையும் இணையப் பக்கத்தில் இருக்கும் கார்டையும் ஒப்பிட்டுப் பார்த்ததும் பொய் உடைந்துவிடும். கார்டின் வாசகத்தை யூனிகோடில் தட்டச்சு செய்தும் அந்தப் பக்கத்தில் போடுங்கள். யூனிகோடுக்கு முந்தைய பழைய குறியாக்க எழுத்துருவில் வடிவமைக்கும் டெஸ்குகளில் இதை முதல் வேலையாக மாற்ற வேண்டும். அந்த எழுத்து படத்துக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கும். நீங்களே உங்கள் பழைய கார்டைத் தேடி எடுக்க முடியாது. எண் வெட்டுப்பட்ட கார்டு கையில் இருப்பவரும், அதிலுள்ள நாலு சொல்லைத் தட்டித் தேடினால் அசலைக் கண்டுபிடிக்க முடிய வேண்டும்.

டெஸ்கில் இதற்கு ஒரு விரிதாள் போதும். எண், நேரம், யூனிகோடு வாசகம், மூலக் காணொளியின் இணைப்பு, அதில் எந்த நிமிடம் எந்த நொடி, எழுதியவர், பார்த்து அனுப்பியவர் என ஏழு பத்தி. ஃபோட்டோஷாப்பில் வேரியபிள்ஸ் என்ற வசதி வழியாக அந்தத் தாளிலிருந்து எண்ணும் தேதியும் தானாகவே டெம்ப்ளேட்டில் விழும்படி செய்யலாம். கையால் தட்டச்சு செய்ய விட்டால் இரவு ஷிப்டில் முதல் நாளே ஓர் எண் இரண்டு கார்டுக்குப் போகும். ஒரு நாளைக்கு நூறு கார்டு போடும் டெஸ்க்காக இருந்தாலும் கூடுதல் வேலை, மூல இணைப்பையும் நிமிடத்தையும் நிரப்புவது மட்டும்தான். அதுவும் எப்படியும் சரிபார்க்க வேண்டிய ஒன்று.

அந்த நிமிடம்-நொடிப் பத்தியை நாங்கள் வற்புறுத்திக் கேட்பதற்குக் காரணம் மேற்கோள் கார்டு. ஓர் அமைச்சர், ‘மழை இப்படியே தொடர்ந்தால் அரிசி விலை கூடலாம், அதனால்தான் முன்கூட்டியே இருப்பு வைத்திருக்கிறோம்’ என்று பேசுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கார்டில் ‘அரிசி விலை கூடும்: அமைச்சர்’ என்று வருகிறது. ‘தொடர்ந்தால்’ போய்விட்டது, இருப்பு போய்விட்டது. அதையும் இரட்டை மேற்கோள் குறிக்குள் போட்டிருப்பார்கள். இது போலி கார்டு கிடையாது, லோகோ அசல்தான். எதிர்க்கட்சியின் ஐ.டி. விங்குக்கு இதைவிட நல்ல சரக்கு வேண்டாம். அமைச்சர் தரப்பு மறுத்தால், ‘சேனலே போட்டிருக்கிறது’ என்பார்கள். மேற்கோள் குறிக்குள் வாயிலிருந்து வந்த சொற்கள் மட்டுமே இருக்கட்டும். சுருக்கினால் குறியை எடுத்துவிடுங்கள். ‘ஆல்’, ‘ஆனால்’, ‘என்றாலும்’ என்ற சொற்களை வெட்டுவதற்கு முன் பார்த்து அனுப்புகிறவர் காணொளியின் அந்த அரை நிமிடத்தைக் கேட்க வேண்டும். தலைவர்கள் வாய் தவறுவதைவிட நம் உதவி ஆசிரியர்கள் வரி குறைப்பதால் உண்டாகும் அரசியல் சண்டை இன்று அதிகம் என்பது எங்கள் கணிப்பு.

தேதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். போலியே இல்லாத ஒரு பழைய அசல் கார்டு, நான்கு ஆண்டுக்குப் பிறகு புதுச் செய்தியாகச் சுற்றுவதுண்டு. கூட்டணியில் இருக்கும் இரண்டு தலைவர்கள் முன்பு ஒருவரையொருவர் திட்டிய கார்டு, கூட்டணி அறிவித்த மறுநாள் வருவது அப்படித்தான். ‘இன்று’, ‘நாளை’ என்று கார்டில் எழுதவே எழுதாதீர்கள். 17.04.2024 என்று ஆண்டோடு எழுதுங்கள்.

வாட்ஸ்அப் நிறுவனமே ஃபார்வர்டைக் கட்டுப்படுத்தியிருக்கிறதே என்ற கேள்வி வரும். 2018 ஜூலையில் இந்தியாவில் ஒரே சமயத்தில் ஐந்து உரையாடலுக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி மாற்றினார்கள். அதே ஆண்டு மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், பிள்ளை பிடிப்பவர் என்ற வாட்ஸ்அப் வதந்தியை நம்பிய கூட்டம், குலதெய்வம் கும்பிடப் போன ஒரு மூதாட்டியை அடித்தே கொன்றிருந்தது. 2020 ஏப்ரலில், பலமுறை ஃபார்வர்டு ஆனதை ஒரு நேரத்தில் ஒரே ஓர் உரையாடலுக்குத்தான் அனுப்ப முடியும் என்று இன்னும் இறுக்கினார்கள். ஆனால் கட்சிக் குழுக்கள் ஃபார்வர்டை நம்பி இல்லை. மாநில ஐ.டி. விங்கிலிருந்து மாவட்டம், ஒன்றியம், கிளை, பூத் கமிட்டி என்று குழுக்கள் ஏற்கெனவே அடுக்காக இருக்கின்றன. ஒவ்வொரு அட்மினும் படத்தைச் சேமித்துப் புதிதாக ஏற்றினால் ‘பலமுறை ஃபார்வர்டு ஆனது’ என்ற அடையாளமும் வராது, கட்டுப்பாடும் வராது. பூத் குழுவுக்கு வரும்போது அது பக்கத்து வீட்டுக்காரர் அனுப்பிய படம்.

அங்கேயும் அது நின்றுவிடுவதில்லை என்பதுதான் உங்களை நேரடியாகத் தொடும் விஷயம். இரவு ஒன்பது மணி விவாதத்தில் ஒரு செய்தித் தொடர்பாளர் கைபேசியைக் கேமராவுக்கு நேராகத் தூக்கிக் காட்டுகிறார். நெறியாளர் அடுத்தவரிடம் ‘இதற்கு என்ன பதில்’ என்று கேட்கிறார். மறுநாள் நாளிதழில் ‘விவாதத்தில் காரசாரம்’ என்று வருகிறது. குழுவில் பிறந்த பொய் தொலைக்காட்சி வழியாகப் பேப்பருக்கு வந்து செய்தியாகிவிட்டது. 2023 மார்ச்சில் புலம்பெயர் தொழிலாளர் விவகாரத்தில் இந்தியாவே பார்த்தது இதைத்தான். வேறு இடங்களில் வேறு காரணத்துக்காக நடந்த அடிதடிகளின் காணொளிகள், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களைத் தாக்குகிறார்கள் என்ற பெயரில் சுற்றின. சில இந்தி ஊடகங்கள் எடுத்து எழுதின, பீகார் சட்டமன்றத்தில் அமளி நடந்தது, அங்கிருந்து அதிகாரிகள் குழு இங்கே வந்து விசாரித்தது. காணொளியைப் பரப்பியவரைவிட, அதைச் சரிபார்க்காமல் செய்தியாக்கிய மேசைதான் அதற்குச் சட்டமன்றம் வரை போகும் கால்களைக் கொடுத்தது. விவாதத்தில் யாராவது கார்டைக் காட்டினால் நெறியாளரின் முதல் கேள்வி ‘எண் என்ன?’ என்று இருக்கட்டும். எண் இல்லை என்றால் அந்த வாதத்தை அங்கேயே நிறுத்த அவருக்கு நிர்வாகம் அதிகாரம் கொடுக்க வேண்டும்.

அடுத்து, கடைசி 48 மணி நேரம். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 126-ஆவது பிரிவின்படி, வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரத்தில் பொதுக்கூட்டம் கிடையாது, தொலைக்காட்சியில் தேர்தல் பரப்புரைச் செய்தி கிடையாது. 2021 சட்டமன்றத் தேர்தலில் ஏப்ரல் 6 இரவு 7 மணிக்கு வாக்குப்பதிவு முடிய வேண்டும் என்பதால், ஏப்ரல் 4 இரவு 7 மணியோடு பரப்புரை ஓய்ந்தது. ‘வேட்பாளர் விலகினார்’, ‘கூட்டணி முறிந்தது’, ‘இந்தச் சாதியினரின் ஓட்டு எனக்கு வேண்டாம் என்று பேசினார்’ என்ற கார்டுகளுக்கு இதைவிட வசதியான நேரம் இல்லை. மேடை ஏறி மறுக்க வேட்பாளருக்கு வழி இல்லை. சேனலுக்கோ, மறுப்பு வெளியிட்டால் அதுவே பரப்புரை ஆகிவிடுமோ என்ற தயக்கம். ‘என் லோகோவில் சுற்றும் இந்தக் கார்டு என்னுடையது இல்லை’ என்று ஒரு சேனல் சொல்வது 126-க்குள் வராது என்று தலைமைத் தேர்தல் அதிகாரியிடமிருந்து எழுத்தில் ஒரு விளக்கத்தை நீங்கள் எல்லோரும் சேர்ந்து முன்கூட்டியே வாங்கி வையுங்கள். தனித்தனியாகக் கேட்டால் கோப்பு நகராது.

அந்த இரண்டு இரவும் டிஜிட்டல் டெஸ்கில் முடிவெடுக்கும் அதிகாரம் உள்ள ஒருவர் விழித்திருக்க வேண்டும். பயிற்சிக்கு வந்த பையனிடம் பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டுப் போகிற வழக்கம் அந்த இரண்டு நாளாவது வேண்டாம்.

தேர்தல் ஆணையத்தின் விதிகளில் உதவுபவை சில உண்டு. தொலைக்காட்சி அரசியல் விளம்பரத்துக்கு முன்சான்று வாங்கும் முறை, உச்ச நீதிமன்றத்தின் 2004 ஏப்ரல் 13 உத்தரவிலிருந்து வந்தது. 2013 அக்டோபரில் அதைச் சமூக ஊடக விளம்பரத்துக்கும் விரித்தார்கள். அது காசு கொடுத்துப் போடும் விளம்பரத்துக்கு. காசில்லாமல் குழுவில் சுற்றும் கார்டு அந்த வலையில் விழாது. 2024 மே 6 அன்று, போலி உள்ளடக்கம் கவனத்துக்கு வந்தால் மூன்று மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும் என்று கட்சிகளுக்கு ஆணையம் உத்தரவிட்டது. நல்ல உத்தரவு, ஆனால் தமிழ்நாட்டின் 39 மக்களவைத் தொகுதிகளிலும் ஏப்ரல் 19-லேயே வாக்குப்பதிவு முடிந்திருந்தது. அதோடு அது கட்சிகளின் அதிகாரபூர்வக் கணக்குகளை அதட்டலாம், பெயரில்லாத கணக்கை என்ன செய்யும்? தேர்தல் தொடர்பாக வேட்பாளரைப் பற்றிப் பொய்யான கூற்றை வெளியிடுவதற்கு இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 175-ஆவது பிரிவு தருவது அபராதம் மட்டுமே.

புகார் கொடுக்கும்போது வெறும் ஸ்கிரீன்ஷாட்டோடு போவதால்தான் பல வழக்குகள் நிற்பதில்லை. போலி கார்டு எந்தக் கணக்கில் எந்த நிமிடம் இருந்தது, அதன் முழு இணைப்பு, படத்தின் கோப்பு, கோப்பின் ஹாஷ் மதிப்பு (கோப்பிலிருந்து கணக்கிட்டு எடுக்கும் கைரேகை போன்ற குறி), இவற்றை முதல் பத்து நிமிடத்திலேயே எடுத்து வையுங்கள். புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆவது பிரிவுச் சான்றிதழில் ஹாஷ் மதிப்பைக் கேட்கிறார்கள். கணக்கை நீக்கிவிட்டு ஓடியபின் இவற்றில் எதுவும் கிடைக்காது. கூடவே உங்கள் எண் பதிவேட்டின் அன்றைய பக்கத்தை இணைத்தால், ‘இது எங்களுடையது இல்லை’ என்று வாயால் சொல்வதற்குப் பதில் ஆவணமாகவே காட்டிவிடலாம்.

கருத்துக்கணிப்புக் கார்டில் எத்தனை பேரிடம், எந்தத் தேதிகளில், யார் செலவில் எடுத்தது என்ற மூன்றும் இல்லாவிட்டால் கார்டே போடாதீர்கள். நாளிதழ்களின் பெயரில் வரும் போலிக் ‘கட்டிங்’குகளுக்கும் இதே எண் முறை பொருந்தும், இ-பேப்பரின் பக்க எண்ணைச் சேர்த்துக்கொண்டால் போதும்.

மறைந்த கலைஞர் கருணாநிதி, 2024 ஜனவரியில் ஒரு மேடைத் திரையில் செயற்கை நுண்ணறிவால் பேசினார். பிப்ரவரி 24 அன்று, ஜெயலலிதாவின் பிறந்தநாளில், அவருடைய குரலும் அப்படியே ஒலித்தது. அவற்றை வெளியிட்டவர்கள் தங்கள் பெயரில்தான் வெளியிட்டார்கள், யாரும் ஏமாறவில்லை. அதே கருவி பெயரில்லாதவர் கையில் இருக்கும்போது, இனி முகத்தையும் குரலையும் வைத்து வாசகர் எதையும் முடிவு செய்ய முடியாது. இதை வெளியிட்டவர் யார், அவரிடம் போய்க் கேட்டால் ஆமாம் என்பாரா என்ற ஒரு கேள்விதான் மிஞ்சும். அதற்குப் பதில் சொல்லும் இடம் உங்களிடம் இருக்க வேண்டும்.

இது ஒரு சேனல் மட்டும் செய்தால் பலன் பாதிதான். போலிக்காரர் எண் போடாத லோகோவுக்கு மாறிவிடுவார். ஒரே சேனலுக்குள்ளும் பிரேக்கிங் கார்டுக்கு மட்டும் அவசரம் என்று எண்ணை விட்டால் மொத்தமும் வீண், ஏனென்றால் ‘எண் இல்லாவிட்டால் எங்களுடையது இல்லை’ என்று அப்புறம் உங்களால் சொல்ல முடியாது. ஆகவே எல்லோரும் ஒரே நாளைக் குறியுங்கள். தேர்தல் அறிவிப்புக்குக் குறைந்தது மூன்று மாதம் முன்னால். முதல் வாரம் டெஸ்குக்குள் மட்டும் ஓட்டிப் பாருங்கள், இரண்டாம் வாரத்திலிருந்து வெளியே விடுங்கள். அதன் பிறகு நாள்தோறும் காலை, மாலைச் செய்திக்கு முன் பத்து நொடி, ‘இந்தத் தேதிக்குப் பிறகு எண் இல்லாத கார்டு எங்களுடையது இல்லை’ என்று செய்தி வாசிப்பவரே சொல்லட்டும். கைபேசியை அதிகம் நோண்டாத வீட்டிலும் டிவி ஓடுகிறது. பழைய ஊடகத்தின் அந்தப் பத்து நொடியை எந்தப் போலிக்காரராலும் வாங்க முடியாது.

விரிதாளின் மாதிரி, சரிபார்ப்பு இலக்கக் கணக்கு, டெம்ப்ளேட்டில் எண் விழும் இடத்தின் அளவுகள் எல்லாம் எங்களிடம் தயாராக இருக்கின்றன. எந்த டெஸ்க் கேட்டாலும், எந்தக் கட்சிச் சேனல் கேட்டாலும், காசில்லாமல் கொடுக்கிறோம், வந்து ஓட்டிக் காட்டவும் செய்கிறோம்.

இப்படிக்கு,
செய்தி சரிபார்ப்பிலும் வடிவமைப்பிலும் பணிபுரியும் சிலர்